ஜனாதிபதிக்கு கொமாத்ரே ஆனவள்

எங்கள் காரும்பே ஊரில் ஜனாதிபதியை யாரும் வாய்விட்டுத் திட்ட முடியாது. திட்டக்கூடாது என்று சட்டம் ஒன்றுமில்லை. தெயோலிந்தா பரியோஸின் காதில் விழுந்துவிடக் கூடாது, அவ்வளவுதான். கடை வாசலிலோ பஸ் நிற்குமிடத்திலோ எவனாவது "தலைநகரத்துல உட்கார்ந்திருக்கான் பாரு ஒரு திருடன்" என்று ஆரம்பித்தால் போதும். இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு எதிரே வந்து நிற்பாள்.

"என் கொம்பாத்ரேவைப் பத்தி என் முன்னாடி பேசாதே. பேசியே ஆகணும்னா ஓடையைத் தாண்டிப் போய்ப் பேசு."

வெளியூர்க்காரர்கள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். நாங்களும் சிரித்திருக்கிறோம். ஆனால் அவள் சொன்னதில் பொய் கிடையாது. அவளுக்கு வரிசையாக ஏழு பிள்ளைகள், ஏழும் ஆண். நடுவில் ஒரு பெண்கூட இல்லை. ஏழாவது ஆண்பிள்ளை பௌர்ணமி வெள்ளிக்கிழமையில் ஓநாயாக மாறும் என்பது இந்தச் சதுப்புநிலத்துக்காரர்களின் பேச்சு. படித்தவர்கள் இதை மூடநம்பிக்கை என்பார்கள். சொல்லட்டும். அப்படிச் சொல்கிற எத்தனையோ படித்தவர்களைப் பார்த்திருக்கிறேன், ஏழாவது பிள்ளை வாய் வைத்த மாத்தேக் குழலைத் துடைத்துக்கூட வாயில் வைக்க மாட்டார்கள். "வயிறு சரியில்லை" என்று நழுவிவிடுவார்கள்.

எங்கள் நாட்டில் மாத்தே என்பது வெறும் கஷாயம் இல்லை. ஒரே குடுவை, ஒரே உறிஞ்சுகுழல், சுற்றி உட்கார்ந்திருக்கிற அத்தனை பேரும் அதில்தான் குடிக்க வேண்டும். ஒருத்தனைத் தாண்டிக் குடுவை போனால் அவன் மனிதக் கணக்கில் இல்லை என்று அர்த்தம்.

அதனால்தான் நாட்டில் அப்படி ஒரு வழக்கம் வந்தது. பிறகு சட்டமாகவும் ஆனது. தொடர்ந்து ஏழாவதாகப் பிறக்கும் ஆண்பிள்ளைக்கு ஜனாதிபதியே ஞானத்தந்தையாக நிற்பார். ஜனாதிபதி கைவைத்த பிள்ளையை யார் ஓநாய் என்று சொல்வார்கள்? ஞானத்தந்தைக்கும் பிள்ளையைப் பெற்றவளுக்கும் நடுவில் உள்ள உறவு இருக்கிறதே, அது சம்பந்தி உறவைவிட இறுக்கம். அவர் இவளுக்கு கொம்பாத்ரே, இவள் அவருக்கு கொமாத்ரே. பஞ்சம் வந்தால் தானியம் கொடுக்க வேண்டும். வழக்கு வந்தால் கூட நிற்க வேண்டும். ஒருவரை ஒருவர் இழித்துப் பேசினால் வானம் இடிந்து விழும். நான் அவளுடைய மூன்றாவது பிள்ளைக்கு ஞானத்தாய், அதனால் நானும் அவளுக்கு கொமாத்ரே. எனக்கு இது தெரியும், எழுதப் படிக்கத் தெரியாவிட்டாலும்.

ஏழாவது பிள்ளை இரேனியோவின் ஞானஸ்நானத்துக்குத் தலைநகரத்திலிருந்து ஜனாதிபதி வரவில்லை. அவருக்குப் பதிலாக ஒரு கர்னல் வந்தார், வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு. அவருடைய ஜீப் சேற்றில் மாட்டிக்கொண்டது. தெயோலிந்தாவின் மூத்த பிள்ளைகள் இழுத்துவிட்டார்கள். பிள்ளையின் தலையில் கையுறையைக் கழற்றாமலே கை வைத்தார். தங்கப் பதக்கம் ஒன்றைக் கொடுத்தார், படம் எடுத்துக்கொண்டார், போய்விட்டார். தெயோலிந்தாவின் புருஷன் அன்றைக்கு ஒரு கன்றை அடித்து நெருப்பில் வாட்டிக்கொண்டிருந்தான். கர்னல் ஒரு துண்டுகூடச் சாப்பிடவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"விடு எவரிஸ்தா," என்றாள் அவள். "இவரு அவரு அனுப்பின ஆளு. கொம்பாத்ரே ஒரு நாள் நேர்ல வருவாரு."

வருகிறவர் உட்கார வேண்டுமே என்று பசுத்தோல் கட்டிய நாற்காலி ஒன்றைப் புருஷனைச் செய்யச் சொன்னாள். அந்த நாற்காலியில் யாரும் உட்காரக் கூடாது. பூனை ஏறினால்கூட விளக்குமாறு பறக்கும். புருஷன் செத்துப்போனான், பிள்ளைகள் ஒவ்வொருவராகப் பிழைக்கப் போனார்கள், கூரையை இரண்டு தடவை காற்று தூக்கிக்கொண்டு போனது. நாற்காலி அப்படியே இருந்தது, காலியாக.

தலைநகரத்து நாற்காலி மட்டும் காலியாக இல்லை, மாறி மாறி ஆள் உட்கார்ந்தார்கள். ஒரு வெயில்கால டிசம்பரில் ஊரெல்லாம் பாத்திரத்தைத் தட்டிக்கொண்டு தெருவில் நின்றபோது, ஒருவர் ஹெலிகாப்டரில் ஏறிப் போக, அடுத்தவர் வர, அவரும் போக, அவருக்கு அடுத்தவர் வர, ரேடியோக்காரனுக்கே மூச்சு வாங்கியது.

"இன்னிக்கு யாரு தெயோலிந்தா உன் கொம்பாத்ரே? காலையில இருந்தவரா, மத்தியானம் வந்தவரா?" என்று கடைக்காரன் கிண்டல் செய்தான்.

"ஆளு வருவான், போவான். பங்குச்சாமியார் அன்னிக்கே சொல்லிட்டாரு, ஞானத்தந்தை அந்த நாற்காலிதான்னு. நீ உன் தராசை ஒழுங்காப் பிடி."

இப்படித்தான் இருபது வருஷத்துக்கு மேல் ஓடியது. விலை ஏறியபோது பேசவில்லை. மருத்துவமனைக் கட்டடத்துக்குக் கல் மட்டும் நட்டுவிட்டுப் போனபோதும் பேசவில்லை. ஒரு தடவைகூட அவரிடம் எதையும் கேட்டதும் இல்லை. "கொம்பாத்ரேகிட்ட அற்பத்துக்கெல்லாம் கேக்கக் கூடாது. ஒரே ஒரு தடவைதான் கேக்கணும், அதுவும் பெருசா கேக்கணும்" என்பாள்.

அந்தப் பெரிய விஷயம் வந்தது.

எங்கள் ஊருக்கு மேற்கே நெல் போடுகிறவன் ஒருத்தன் நிலம் வாங்கினான். கண்ணுக்கெட்டிய தூரமெல்லாம் அவன் நிலம்தான். நெல்லுக்குத் தண்ணீர் வேண்டும் என்று ஓடைக்குக் குறுக்கே பெரிய மண்கரை போட்டான். அந்தப் பக்கம் கடல் மாதிரித் தண்ணீர், இந்தப் பக்கம் நாங்கள். சதுப்பு வெடித்தது. மீன் செத்து மிதந்தது, பிறகு மிதக்கத் தண்ணீரும் இல்லை. மாடுகள் ஈரச் சேற்றைத் தேடிப்போய் அதிலேயே சிக்கி நின்றபடி செத்தன. போலீசிடம் சொன்னோம். "அவர் சொந்த நிலத்துல போட்ட கரை" என்றார்கள். ஓடை யாருடைய சொந்தம் என்று கேட்டோம். வெளியே போகச் சொன்னார்கள்.

இரேனியோ அதிகம் பேசாத பையன். ஒரு நாள் நடு மத்தியானம், நெல்காரனின் காவல்காரர்கள் எல்லாரும் சாப்பிட்டுத் தூங்குகிற நேரத்தில், மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய்க் கரையை வெட்டிவிட்டான். ஒளிந்துகொண்டு செய்யவில்லை. சட்டையைக் கழற்றிக் கரைமேல் போட்டுவிட்டு வெட்டினான். தண்ணீர் வந்த சத்தத்தில்தான் அவர்கள் விழித்தார்கள். அன்று சாயங்காலம் எங்கள் மாடுகள் தண்ணீர் குடித்தன. அன்று சாயங்காலமே போலீஸ் அவனைப் பிடித்துக்கொண்டு போனது. நெல்காரனின் கங்காணி வண்டிப் பக்கத்தில் நின்று கத்தினான்:

"ஓநாய்க்குட்டியப் பிடிச்சாச்சு! பௌர்ணமிக்கு முன்னாடியே பிடிச்சாச்சு!"

கரையை மறுநாளே அடைத்துவிட்டார்கள். இரேனியோவுக்கு மாகாண நீதிபதி சிறை கொடுத்தார், பிறர் சொத்தைச் சேதப்படுத்தியதற்காக. மூன்று வருஷம்! எங்கள் சொத்து செத்துக் கிடந்ததே, அதற்கு எவனுக்கு எத்தனை வருஷம்?

தெயோலிந்தா அப்போதும் அழவில்லை. முதல் தடவை சிறைக்குப் பார்க்கப் போய் வந்த அன்றுதான் உடைந்தாள்.

"அங்க அவனைத் தாண்டிக் குடுவை போவுது, கொமாத்ரே. அந்தக் கங்காணி சொன்னது உள்ள வரைக்கும் போயிருச்சு. ஏழாவது பிள்ளைன்னு ஒருத்தனும் அவன் கூட மாத்தே குடிக்கிறதில்ல. மூலையில தனியா உட்கார்ந்திருக்கான். நான் அன்னிக்கு ஜனாதிபதி கைய எதுக்குக் கேட்டேன்? இது நடக்கக்கூடாதுன்னுதானே?"

அப்போது கடைக்காரன்தான் சொன்னான், அவனுக்கும் மனசு இளகியிருந்தது, மரியாதையாக தோன்யா போட்டுக் கூப்பிட்டான். "தோன்யா தெயோலிந்தா, ஜனாதிபதிக்கு மன்னிப்புக் குடுக்கிற அதிகாரம் இருக்கு. ஒரு காலத்துல ஆளையெல்லாம் கொன்னு காணாமப் பண்ணின தளபதிங்களுக்கே ஒரு கையெழுத்துல மன்னிப்பு குடுத்தாங்களே. ஒரு மண்வெட்டிக்குக் குடுக்க மாட்டாங்களா?"

தெயோலிந்தா என்னைப் பார்த்தாள். "கிளம்பு" என்றாள்.

கொம்பாத்ரே வீட்டுக்கு வெறுங்கையோடு போகக் கூடாது. சிபா ரொட்டி சுட்டோம். அவள் தன் கையால் செய்த பாலாடைக்கட்டி ஒன்றைத் துணியில் கட்டிக்கொண்டாள். செத்துப்போகாமல் மிச்சமிருந்த ஒரே பசுவின் பால் அது. பதக்கத்தை உள்பாவாடையில் தைத்துக்கொண்டாள். பஸ்ஸில் ராத்திரியெல்லாம் தூங்காமல், ஜனாதிபதியைப் பார்த்ததும் என்ன சொல்ல வேண்டும் என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தாள்.

தலைநகரம் புவெனஸ் அயர்ஸில் அந்த ரோஜா நிற மாளிகை வாசலில் ஒரு காவல்காரப் பையன் நின்றான்.

"யாரைப் பாக்கணும்?"

"ஜனாதிபதியை."

"நேரம் வாங்கியிருக்கீங்களா?"

"கொமாத்ரே எதுக்குத் தம்பி நேரம் வாங்கணும்? தெயோலிந்தா வந்திருக்கான்னு சொல்லு."

அவன் சிரிக்காமல் இருக்கப் பட்ட பாடு அவனுக்கே தெரியும். பதக்கத்தைக் காட்டியதும் உள்ளே யாருக்கோ போன் செய்தான். பாலாடைக்கட்டியை ஒரு எந்திரத்துக்குள் விட்டு எக்ஸ்ரே எடுத்தார்கள். அதன் உள்ளே என்ன இருக்கிறது என்று என்னிடம் கேட்டிருந்தால் நானே சொல்லியிருப்பேன், பாலும் உப்பும்தான்.

ஜனாதிபதி வரவில்லை. ஒரு வக்கீலம்மா வந்தாள். இளம் வயசு, நல்ல மாதிரி. உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டாள். கேட்டுவிட்டு, "தோன்யா, ரொம்ப வருத்தமா இருக்கு. ஆனா ஜனாதிபதியால இதுல ஒண்ணும் பண்ண முடியாது" என்றாள்.

"முடியாதா, மாட்டாரா?"

"முடியாது. அவருக்கு மன்னிப்பு அதிகாரம் இருக்கு, இல்லைன்னு சொல்லல. ஆனா அது தேசத்து நீதிமன்றத்துல தீர்ப்பானவங்களுக்கு மட்டும்தான். உங்க பையனுக்குத் தீர்ப்பு சொன்னது மாகாண நீதிபதி. அங்க மன்னிக்கிறது உங்க கவர்னர் கையில இருக்கு."

தெயோலிந்தா தண்ணீர்க் குவளையைத் தள்ளிவைத்தாள். பிறகு கேட்டாள்:

"பட்டாளத்துக்கு யாரும்மா தலைவரு?"

"ஜனாதிபதிதான்."

"மந்திரிய வைக்கிறதும் வேணாம்னு அனுப்புறதும்?"

"அவருதான்."

"சபையில போட்ட சட்டத்தைப் பிடிக்கலைன்னு திருப்பி அனுப்புறாரே?"

"அனுப்பலாம்."

"அவசரம்னு சொல்லித் தானே ஒரு ஆணை போட்டு விடுறாரே, ரேடியோல கேக்கிறேனே?"

"அதுவும் போடலாம். அப்புறம் சபை அதைப் பாக்கணும்."

"கப்பல், விமானம், தேசத்துக் கஜானா, எல்லாத்தையும் அவரு ஆளலாம். என் பிள்ளை இருக்கிற அறைப் பூட்டு மட்டும் அவரு கைக்கு எட்டாதா? என் பிள்ளை இந்த தேசத்துல இல்லையா?"

"இருக்கான், தோன்யா. ஆனா குற்றம் மாகாணத்துல நடந்தது."

"தேசம்னா என்ன, மாகாணத்துக்கு மேல மெதக்கிற மேகமா?"

வக்கீலம்மா பாவம், கையைப் பிசைந்தாள். புரியவைக்கத்தான் பார்த்தாள். "இப்படிப் பாருங்க. தேசத்துக்குன்னு சில இடம் இருக்கு. ரயில், துறைமுகம், தேசிய நெடுஞ்சாலை இந்த மாதிரி. நெடுஞ்சாலைய மறிச்சு ஒருத்தர் ஏதாவது பண்ணா, அது தேசத்து நீதிபதிகிட்ட வரும். அதுல தீர்ப்பான பிறகு ஜனாதிபதி மன்னிக்கலாம். ஒரு தனியார் கரைய வெட்டினா அது அப்படி வராது." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு இன்னொன்றும் சொன்னாள். "அதோட, இந்த ஞானத்தந்தை உறவு ஒரு மரியாதைக்குத்தான் தோன்யா. அதனால எந்த உரிமையும் வராது. சட்டத்திலேயே அப்படித்தான் இருக்கு."

இதைக் கேட்டபோது எனக்கு ரத்தம் கொதித்தது. இப்போது சொல்லும்போதும் கொதிக்கிறது. ஞானஸ்நானத் தொட்டிக்கு முன்னால் கடவுள் சாட்சியாகக் கொடுத்த வாக்கு, அதற்கு அடியில் சின்ன எழுத்தில் "இதனால் எந்த உரிமையும் வராது" என்று எழுதிவைத்திருக்கிறார்களாம்! எந்த கொம்பாத்ரே அப்படிச் சொல்வான்? குடிகார கொம்பாத்ரேகூடச் சொல்ல மாட்டான்.

தெயோலிந்தா எழுந்தாள். பாலாடைக்கட்டியை மேஜைமேல் வைத்தாள். "இது அவருக்கு. கொண்டு வந்ததைத் திருப்பிக் கொண்டு போற வழக்கம் எங்களுக்கு இல்ல" என்றாள். அவ்வளவுதான். படியிறங்கும்போது என் தோளைப் பிடித்துக்கொண்டாள். அதற்குமுன் அவள் யார் தோளையும் பிடித்து நான் பார்த்ததில்லை.

சரி, கவர்னர் என்றார்களே, அங்கேயும் போனோம். மாகாணத் தலைநகரில் கவர்னரின் செயலாளர் நின்றபடியே பேசினார். மனு கொடுங்கள், நீதிமன்றம் கருத்துச் சொல்ல வேண்டும், அறுவடைத் திருவிழா முடியட்டும், பிறகு பார்க்கலாம். "எந்த வருஷத்துத் திருவிழா?" என்று நான் கேட்டேன். அவருக்குப் பிடிக்கவில்லை.

வாசலில் தோட்டத்துக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த ஒரு கிழவர்தான் எங்களுக்கு விஷயத்தைச் சொன்னார். "நெல்காரர் மேல புகாரா? அட அப்பாவிங்களா! அவரு மகளுக்கு ஞானத்தந்தை யாருன்னு நினைச்சீங்க? நம்ம கவர்னர்தானே. ஞாயித்துக்கிழமையானா ரெண்டு பேரும் ஒரே அடுப்புல இறைச்சி வாட்டுறாங்க."

அப்படியானால் கொம்பாத்ரே உறவு மரியாதைக்கு மட்டும் இல்லை! அது வேலை செய்கிறது. நன்றாகவே செய்கிறது. நமக்குத்தான் வேலை செய்யவில்லை.

ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் தெயோலிந்தா ஜன்னல் பக்கம் உட்கார்ந்து ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தாள். நான் அவள் மனசு ஓய்ந்துவிட்டது என்று நினைத்தேன். திடீரென்று எழுந்து ஓட்டுநரிடம் போனாள்.

"ஏப்பா, இது யாரோட ரோடு?"

"தேசத்தோடது, தோன்யா. தேசிய நெடுஞ்சாலை."

"நம்ம காரும்பே வரைக்கும்?"

"அதையும் தாண்டிப் போவுது."

"முழுசுமா?"

"குண்டும் குழியும்கூட தேசத்தோடதுதான்," என்று அவன் சிரித்தான்.

அவள் திரும்பி வந்து உட்கார்ந்தாள். முகத்தில் வேறு ஒரு ரத்தம் ஓடியது. "கொம்பாத்ரே கை இந்த ரோடு வரைக்கும்தான் எட்டுமாம், எவரிஸ்தா," என்றாள். "சரி. நான் ரோட்டுக்கு வரேன்."

அறுவடை தொடங்கியதும், நெல் லாரிகள் வரிசையாக ஓட ஆரம்பித்த ஒரு காலையில், தெயோலிந்தா அந்தப் பசுத்தோல் நாற்காலியைத் தலையில் தூக்கிக்கொண்டு நெடுஞ்சாலைக்குப் போனாள். நட்டநடுவில், மஞ்சள் கோட்டின் மேல் போட்டாள். உட்கார்ந்தாள். அத்தனை வருஷத்தில் அதில் உட்கார்ந்த முதல் ஆள் அவள்தான். கழுத்தில் பதக்கம். காலடியில் கெட்டிலும் குடுவையும். நான் ஒரு முக்காலியைப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் ஊர்ப் பெண்கள் ஆளுக்கொரு பலகையோடு வந்தார்கள்.

முதல் லாரிக்காரன் ஒலிப்பானை விடாமல் அடித்தான். பிறகு இறங்கி வந்தான்.

"ஏ பாட்டி, நகரு. நெல்லு ஈரமா இருக்கு. நின்னா சூடேறிக் கெட்டுப்போயிரும்."

"எங்க மாடும் நின்னுதான் செத்துச்சு. நீ உட்காரு, சிபா சாப்பிடு."

"விளையாடுறியா? போலீஸ் வரும்."

"அதுக்குத்தான்டா கெட்டில் வச்சிருக்கேன். எனக்கும் பொழுது போகணும்ல?"

நீலச் சட்டை மாகாணப் போலீஸ் வந்தது. அந்த இன்ஸ்பெக்டர் இரேனியோவைப் பிடித்துக்கொண்டு போனவரேதான். "எழுந்திருங்க. கைது பண்ணுவேன்" என்றார்.

"நீ மாகாணமா, தேசமா?"

"என்னது?"

"கேட்டதுக்குப் பதில் சொல்லு. மாகாணமா, தேசமா?"

"மாகாணப் போலீஸ்."

"அப்ப உனக்கு இங்க என்ன வேலை? இது என் கொம்பாத்ரே ரோடு. குத்தம் நான் அவர் எடத்துல பண்றேன். போய் அவரு ஆளை வரச் சொல்லு. எனக்குத் தேசத்துச் சிறைதான் வேணும்."

லாரிக்காரர்களே சிரித்துவிட்டார்கள். இன்ஸ்பெக்டர் முகம் சிவந்துபோய் ஜீப்புக்குள் உட்கார்ந்து போன் பேச ஆரம்பித்தார். பேசினார், பேசினார், பேசிக்கொண்டே இருந்தார்.

மத்தியானத்துக்கு மேல் பச்சைச் சீருடைக்காரர்கள் வந்தார்கள், தேசத்துக் காவல்படை. அவர்களின் கமாண்டர் எங்கள் பக்கத்து ஆள், குவாரனி மொழியும் பேசுவார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு குனிந்து பேசினார்.

"அம்மா, நான் உங்களைக் கைது பண்ணணும். பண்ண மனசு வரல. நீங்களே எழுந்து போயிட்டா எழுதாம விட்டுர்றேன்."

"எழுதுப்பா. நல்லாப் பெருசா எழுது. பேரு தெயோலிந்தா பரியோஸ். ஜனாதிபதிக்கு கொமாத்ரே."

"எதுக்கும்மா இதெல்லாம்?"

அவள் சொன்னாள். கரை, மாடு, மண்வெட்டி, சிறை, மூலையில் தனியாக உட்கார்ந்திருக்கும் பிள்ளை, அவனைத் தாண்டிப் போகும் குடுவை. எல்லாரும் கேட்டார்கள். லாரிகள் கண்ணுக்கெட்டாத தூரம்வரை நின்றன. யாரோ ரேடியோக்காரனைக் கூட்டிவந்திருந்தார்கள். "ஜனாதிபதியின் கொமாத்ரே ஜனாதிபதியின் சாலையை மறித்தார்" என்று அவன் மூச்சுவிடாமல் சொல்லிக்கொண்டிருந்தான். கமாண்டர் தலைநகரத்துக்குப் போன் செய்து என்ன செய்வது என்று கேட்டார். தலைநகரம் யோசித்துச் சொல்வதாகச் சொன்னது. ஆணை போட அவசரப்படுகிறவர்கள் ஒரு கிழவியைத் தூக்கச் சொல்ல அவசரப்படவில்லை. தூக்கினால் படம் வருமே!

அன்றும் மறுநாளும் அவள் எழுந்திருக்கவில்லை. நெல் மூட்டம் போட்டுப் புளித்த வாடை அடிக்க ஆரம்பித்தது. நெல்காரன் தன் கொம்பாத்ரேவுக்கு எத்தனை தடவை போன் செய்தானோ தெரியாது. மறுநாள் சாயங்காலம் கவர்னரின் அந்தச் செயலாளரே காரில் வந்து இறங்கினார். இந்தத் தடவை குந்தி உட்கார்ந்து பேசினார்.

"தோன்யா, கவர்னர் உங்க பையனோட தண்டனையைக் குறைச்சு விடுதலை பண்ணக் கையெழுத்துப் போட்டுட்டாரு. நீங்க எழுந்து வழிய விடுங்க."

"நீதிமன்றம் கருத்துச் சொல்லணும்னு சொன்னீங்களே?" என்றேன் நான்.

"சொல்லிட்டாங்க."

"திருவிழா?"

அவர் காகிதத்தை எடுத்துத் தெயோலிந்தாவிடம் நீட்டினார்.

பாருங்கள். பெற்றவள் வந்து கும்பிட்டு நின்றபோது பேனா கிடைக்கவில்லை. நெல்லுக்குச் சூடேறியதும் பேனா கிடைத்தது, நீதிமன்றமும் வாய் திறந்தது. நான் சொல்லச் சொல்ல இதை எழுதிக்கொள்கிறவர் கொஞ்சம் மெல்லமாகச் சொல்லலாமே என்கிறார். மாட்டேன். இப்படியே இருக்கட்டும்.

தெயோலிந்தா காகிதத்தை வாங்கவில்லை. "காகிதத்தை நான் என்ன பண்ண? எனக்குப் படிக்க வராது. பிள்ளையக் கொண்டு வா" என்றாள்.

மறுநாள் காலையில் கொண்டு வந்தார்கள். இரேனியோ வண்டியிலிருந்து இறங்கினான். மெலிந்து, கண் உள்ளே போய், வெளிச்சத்துக்குக் கூசிக்கொண்டு நின்றான். அத்தனை பேர் இருந்தும் அவன் பக்கத்தில் யாரும் போகவில்லை. லாரிக்காரர்கள்கூடக் கொஞ்சம் விலகித்தான் நின்றார்கள். கதை அவர்களுக்கும் தெரியும். ஏழாவது பிள்ளை.

தெயோலிந்தா அவனைக் கட்டிப்பிடிக்கவில்லை. கெட்டிலை எடுத்துக் குடுவையில் ஊற்றி அவனிடம் நீட்டினாள். அவன் குடித்தான், குழல் சத்தம் போடும்வரை. அவள் வாங்கி மறுபடி நிறைத்தாள், அதே குழலில் தானும் குடித்தாள். பிறகு மறுபடி நிறைத்து மறுபடி அவனிடமே கொடுத்தாள். அவன் குடித்து முடித்ததும் குழலைத் துடைக்காமல் இன்னொரு தடவை ஊற்றி, குடுவையைக் கமாண்டர் பக்கம் நீட்டினாள்.

அந்த மனுஷனும் எங்கள் பக்கத்து ஆள்தானே, சின்ன வயசில் அவர் அம்மாவும் அதே ஓநாய்க் கதையைச் சொல்லித்தான் தூங்கவைத்திருப்பாள். அவர் குடுவையைப் பார்த்தார். இரேனியோவைப் பார்த்தார். வாங்கிக் குடித்தார். நிதானமாக, கடைசிச் சொட்டு வரைக்கும். நன்றி என்று சொல்லவில்லை. எங்கள் பக்கம் மாத்தே குடித்துவிட்டு நன்றி சொன்னால், 'இனி எனக்கு வேண்டாம்' என்று அர்த்தம். குடுவையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "இன்னொண்ணு குடும்மா" என்றார்.

அதற்குப் பிறகு லாரிக்காரர்கள் வரிசையில் நின்றார்கள். முதல் நாள் பாட்டி என்று கத்தினவன்தான் எல்லாரையும் முந்திக்கொண்டு வந்தான். ஜனாதிபதியின் கையுறை செய்யாத வேலையை ஒரு குடுவை செய்தது.

அவள் எழுந்து வழிவிட்டாள். எழுந்ததும் இரண்டு கையையும் கமாண்டரிடம் நீட்டினாள், விலங்கு போடச் சொல்லி. அவர் போடவில்லை. ஆனால் எழுத வேண்டியதை எழுதினார். வழக்கு தேசத்து நீதிபதியிடம் போனது, அவள் ஆசைப்பட்டபடியே.

சில மாதம் கழித்துப் பங்குச்சாமியாரின் போனுக்கு அந்த வக்கீலம்மா கூப்பிட்டாள். தெயோலிந்தா போனைக் காதிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்துத்தான் பேசுவாள், அதனால் எனக்கும் கேட்டது.

"தோன்யா, நல்ல சேதி. உங்க வழக்கு இப்ப தேசத்து நீதிமன்றத்துல இருக்கு. தண்டனைன்னு ஏதாவது வந்தாலும் பயப்படாதீங்க. இது ஜனாதிபதி அதிகாரத்துக்குள்ள வருது. அவரு உங்களை மன்னிக்கலாம். நானே எழுதி மேல அனுப்புறேன்."

"பாலாடைக்கட்டி எப்படி இருந்துச்சு?"

"அது... வெளிச்சாப்பாடு அவருக்குக் குடுக்கக்கூடாதுன்னு விதி, தோன்யா. நாங்க சாப்பிட்டோம். நல்லா இருந்துச்சு."

"நீங்க சாப்பிட்டதுல சந்தோஷம். இப்ப நான் சொல்றதை அவர்கிட்ட சொல்லு. மன்னிப்பு தப்புப் பண்ணவங்களுக்கு. நான் தப்புப் பண்ணல, என் பிள்ளையும் பண்ணல. கரை இன்னும் ஓடை மேலதான் நிக்குது. கூட நிக்கிறேன்னு தொட்டிக்கு முன்னாடி ஆள் அனுப்பி வாக்குக் குடுத்தவரு அவரு. ஒரு நாளும் வரல. வந்து கேக்கட்டும், மன்னிக்கிறதா வேணாமான்னு நான் யோசிச்சுச் சொல்றேன்."

போனைப் பங்குச்சாமியாரிடம் கொடுத்தாள். அவர் மூடிவைக்காமல் வெறித்துக்கொண்டு நின்றார்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் கடைக்காரன் ரேடியோவைச் சத்தமாக வைத்திருந்தான். எரிவாயு விலை மறுபடி ஏறியதாம். கடைக்காரன் பழக்கதோஷத்தில் வாயை மூடிக்கொண்டான்.

"என்ன முழிக்கிற?" என்றாள் தெயோலிந்தா. "என் கொம்பாத்ரே ஒரு உதவாக்கரை மனுஷன்! திட்டு, திட்டு. நானும் திட்டுறேன்."

கடை முழுக்கத் திட்டியது. இருபது வருஷத்துத் திட்டு.

கரை இன்னும் நிற்கிறது. நாற்காலியை அவள் வீட்டுக்குள் கொண்டு போகவில்லை. நெடுஞ்சாலை ஓரத்தில், புளியம்பழ நிறத்துக்கு வெயிலில் காய்ந்துகொண்டு கிடக்கிறது. அடுத்த அறுவடை நெருங்குகிறது. லாரிக்காரர்கள் அந்த இடம் வந்ததும் வேகத்தைக் குறைத்து, அதில் யாராவது உட்கார்ந்திருக்கிறார்களா என்று எட்டிப் பார்த்துவிட்டுத்தான் போகிறார்கள்.